வேலிக்கு வெளியே நிற்கும் கேமரா

பண்டார் பாரு கெடா மாநிலத்தின் தென்கோடி. கிரியான் ஆற்றைக் கடந்தால் பேராக்கின் பாரிட் புந்தார். வடமேற்கே சற்றுத் தொலைவில் பினாங்கின் நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் கூடும் இந்த மூலையில் விமான நிலையம் கிடையாது. ஆனால் வடக்கே போனால் மூன்று இருக்கின்றன, மூன்றும் மூன்று விதம். பத்து காவான் போய் இரண்டாவது பினாங்குப் பாலத்தில் ஏறினால் பாயான் லெப்பாஸ். அது முழுக்கப் பயணிகளுக்கும் சரக்குக்கும் உரியது. பெருநிலத்திலேயே பட்டர்வொர்த், அது அரச மலேசிய விமானப் படையின் தளம். இன்னும் வடக்கே, வயல்களின் நடுவில், அலோர் ஸ்டாரின் சுல்தான் அப்துல் ஹலீம் விமான நிலையம். அங்கே பயணிகள் முனையமும் விமானப் படையின் பயிற்சிக் கல்லூரியும் அருகருகே இயங்குகின்றன. விமானங்களைப் படம்பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாமா, அதனால் பயன் உண்டா, பாதுகாப்புக்குக் கேடு வருமா என்ற கேள்விகளுக்கு இந்த மூன்று நிலையங்களையும் வைத்தே விடை காண முடியும். அந்தப் பொழுதுபோக்கின் மதிப்பு படத்தின் அழகில் இல்லை, அது விட்டுச்செல்லும் பதிவில் இருக்கிறது என்பது என் முடிவு. இதை ஏற்றுக்கொண்டால் எங்கே அனுமதிக்க வேண்டும், எங்கே தடுக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

இந்தப் பழக்கம் வேலையற்றவர்களின் கண்டுபிடிப்பு என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் பிரிட்டன்மீது குண்டு போட்ட காலத்தில், தலைக்குமேல் பறப்பது நம்முடையதா எதிரியுடையதா என்று நொடியில் சொல்லக்கூடிய பொதுமக்கள் அந்த அரசுக்குத் தேவைப்பட்டார்கள். தன்னார்வக் கண்காணிப்பாளர் படைக்கு 1941இல் ‘ராயல்’ என்ற அடைமொழி கிடைத்தது. விமானத்தை அடையாளம் காணக் கற்றுத்தரும் தனி இதழும் அதே ஆண்டில் வெளிவந்தது. இறக்கையின் வளைவு, எஞ்சின் எண்ணிக்கை, வாலின் வடிவம் ஆகியவற்றைப் பள்ளிச் சிறுவர்கள் மனப்பாடம் செய்தார்கள். போர் முடிந்த பிறகு அந்தச் சிறுவர்களே நோட்டுப் புத்தகமும் கேமராவுமாக விமான நிலைய வேலியோரம் வந்து நின்றார்கள். இன்று பாதுகாப்புக்கு எதிரானது என்று சந்தேகிக்கப்படும் இந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டது பாதுகாப்புத் தேவைதான்.

அதே 1941இல் நம் பக்கம் நடந்ததைப் பார்த்தால் இது வெறும் வாதம் அல்ல என்பது விளங்கும். டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனுக்கு மேலே வந்தபோது மக்கள் பதுங்கவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிரி விமானம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. குண்டுவீச்சை அவர்கள் அதற்குமுன் கண்டதுமில்லை. கூட்டம் நின்ற தெருக்களிலேயே குண்டுகள் விழுந்தன, பெருந்திரளானோர் மாண்டார்கள். விமானம் பார்க்கத் தெரிந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பதுங்குகுழிகளும் எச்சரிக்கையும் தற்காப்பு விமானங்களும் போதாமல் இருந்ததுதான் பெரிய காரணம். ஆனாலும், வானத்தில் போவதை அறிந்துகொள்வது மேலே இருக்கும் சிலரின் வேலை, கீழே நிற்பவனுக்கு அது எதற்கு என்ற மனப்பான்மை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த வட்டாரத்தில் இதைவிடக் கொடிய சான்று இல்லை. இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 9ஆம் தேதி, பட்டர்வொர்த்திலிருந்து பிளென்ஹைம் விமானத்தில் கிளம்பிய ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற அதிகாரி, மற்ற விமானங்கள் தரையிலேயே தாக்கப்பட்டுவிட்ட நிலையில் தன்னந்தனியாகத் தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கிவிட்டு, படுகாயத்தோடு திரும்பி, அலோர் ஸ்டாருக்கு அருகே நெல்வயலில் விமானத்தை இறக்கினார். உடன் வந்த இருவரும் பிழைத்தார்கள், அவர் இறந்துபோனார். அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது 1946இல். தோல்வியின் குழப்பத்தில் ஆவணங்கள் தொலைந்ததால் ஒரு பெரும் செயல் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அங்கீகாரமின்றிக் கிடந்தது. பதிவு இல்லாவிட்டால் நடந்ததுகூட நடக்காததுபோல் ஆகிவிடுகிறது.

இந்த வட்டாரத்தின் விமான வரலாறு நம்மில் பலர் நினைப்பதைவிடப் பழையது, பெரியது. 1930களில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியாவுக்குப் போன கே.எல்.எம். விமானங்களும், லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்களும் அலோர் ஸ்டாரில் இறங்கிச் சென்றன. 1934இல் லண்டனிலிருந்து மெல்பர்னுக்கு நடந்த புகழ்பெற்ற விமானப் பந்தயத்தில், வழியில் இறங்கிக்கொள்ள ஒதுக்கப்பட்ட நிலையங்களுள் அலோர் ஸ்டாரும் ஒன்று. பாயான் லெப்பாஸ் திறக்கப்பட்டது 1935இல். 1947 மே முதல் நாள் மலாயன் ஏர்வேஸ் தொடங்கிய முதல் வணிகச் சேவையும் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ வழியாகப் பினாங்குக்குத்தான் வந்தது. 1950களிலிருந்து 1988 வரை பட்டர்வொர்த் ஆஸ்திரேலிய விமானப் படையின் தளமாக இருந்தது. சேபர், மிராஜ் போர் விமானங்கள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்த வானத்தில் பறந்தன. இவற்றுக்கெல்லாம் படங்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அவை டச்சுக்காரர்களின், பிரிட்டிஷ்காரர்களின், ஆஸ்திரேலியர்களின் ஆல்பங்களிலும், கான்பராவின் போர் நினைவகம் போன்ற இடங்களிலும் இருக்கின்றன. அங்கே பணிபுரிந்த படைவீரர்கள் பொழுதுபோக்காக எடுத்த படங்கள் இன்று வரலாற்று ஆவணங்களாகிவிட்டன. பால்மரக் காட்டிலும் வயல் வரப்பிலும் நின்று அதே விமானங்களை அண்ணாந்து பார்த்த நம் மக்கள் கையில் கேமரா இல்லை. அது வறுமையால் வந்த குறை. இன்று ஏறக்குறைய எல்லார் கையிலும் கேமரா இருக்கும்போது அதே குறை நீடித்தால் அதற்குச் சாக்கு இல்லை.

பதிவு என்று நான் சொல்வது எதை என்பதையும் தெளிவாக்கிவிட வேண்டும். அந்திச் சிவப்பில் ஒரு விமானத்தின் கரிய உருவம் தெரியும் படம் கண்ணுக்கு இனிமையாக இருக்கலாம், அதற்கு ஆவண மதிப்பு குறைவு. விமானத்தின் பின்புறத்தில் எழுதியிருக்கும் பதிவெண் தெரிகிற, எந்த நாள், எந்த நேரம், எந்த ஓடுபாதை என்று எழுதப்பட்ட படம் சாதாரணமாகத் தோன்றலாம், ஆனால் அதுதான் நிற்கும். மலேசிய விமானங்களின் பதிவெண் 9எம் என்று தொடங்கும், இந்திய விமானங்களுடையது விடி என்று தொடங்கும். 2014இல் காணாமற்போன எம்எச்370இன் பதிவெண் 9எம்-எம்ஆர்ஓ. அந்த விமானத்தின் முகமாக உலகம் முழுக்கப் பரவிய படங்களுள் ஒன்று 2011இல் பாரிஸின் சார்ல் டி கோல் விமான நிலையத்தில் ஒரு பொழுதுபோக்குக் கேமராக்காரர் எடுத்தது. எடுத்த நாளில் அது ஆயிரத்தில் ஒரு படம். இன்னும் கனமான எடுத்துக்காட்டு ஸ்பெயினிலிருந்து வருகிறது. 2004 ஜனவரியில் மயோர்க்கா தீவின் பால்மா விமான நிலையத்தில் ஓர் ஆர்வலர் எடுத்த வெள்ளைநிற போயிங் 737இன் படமும், அதில் தெரிந்த என்313பி என்ற எண்ணும், அமெரிக்க உளவுத்துறை பலரை இரகசியமாகக் கடத்திச்சென்ற பயணங்களை அம்பலப்படுத்தப் பத்திரிகையாளர்களுக்கு உதவின. பின்னர் 2006இல் ஐரோப்பிய அவைக்காக டிக் மார்ட்டி அளித்த அறிக்கை இத்தகைய பயணங்களை விரிவாக ஆராய்ந்தது. படம் எடுத்தவர் யாரையும் அம்பலப்படுத்தப் புறப்படவில்லை. வழக்கம்போல எண் தெரியும்படி எடுத்தார், தேதி எழுதினார், அவ்வளவுதான். அந்த ஒழுங்குதான் சான்றாயிற்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இப்போது ஏறக்குறைய ஒவ்வொரு பயணிகள் விமானமும் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ரேடியோ அலையில் அறிவித்துக்கொண்டே பறக்கிறது. 2006இல் ஸ்வீடனில் தொடங்கிய ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலிகள் அதைத் தொகுத்துக் கைப்பேசியிலேயே காட்டுகின்றன. பிறகு வெயிலில் நின்று படம் எடுப்பானேன் என்று கேட்கலாம். அந்தச் செயலிகள் சொல்வது ஒரு விமானம் எங்கே இருந்தது என்பதை. அது எப்படி இருந்தது என்பதை அவை சொல்வதில்லை. எந்த வண்ணம் பூசியிருந்தது, எந்தப் பெயர் எழுதியிருந்தது, எந்தக் கதவு மாற்றப்பட்டிருந்தது, பக்கத்தில் நின்ற சரக்கு வண்டி எது, பின்னால் தெரிந்த முனையம் எந்த உருவில் இருந்தது என்பதெல்லாம் படத்தில் மட்டுமே தங்கும். மேலும் அந்தத் தரவு தனியார் நிறுவனங்களின் உடைமை. விலை கொடுத்தால்தான் பழையது கிடைக்கும்; நிறுவனம் மூடினால் அதுவும் போகும். 2024 டிசம்பர் 21ஆம் தேதி சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இண்டிகோ நேரடிச் சேவையைத் தொடங்கியது. ஒரு காலத்தில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குத் துறைமுகத்துக்கு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது சாதாரண வணிகச் செய்தி அல்ல. செயலியில் அது ஒரு கோடு. அதன் முதல் நாள் விமானத்தையும், அதற்காகக் காத்திருந்த குடும்பங்களையும், சேலை வேட்டியோடு பெட்டி தள்ளி வந்தவர்களையும் நூறு ஆண்டு கழித்துக் காட்ட வேறு எதனால் முடியும்?

பாதுகாப்பு பற்றிய மறுப்புத்தான் எல்லாவற்றிலும் கனமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மலேசியாவில் 1959ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டமும் 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டமும் நடப்பில் உள்ளன. துப்பாக்கி ஏந்திய காவலர் உருவம் போட்ட சிவப்புத் தடைப் பலகையைத் தமிழிலும் எழுதியே வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெளிநாட்டில் நடந்தவையும் எச்சரிக்கை தருகின்றன. 2001இல் கிரேக்கத்தின் கலமாட்டாவில் விமானக் கண்காட்சிக்குப் போன பன்னிரண்டு பிரிட்டிஷ்காரர்களும் இரண்டு டச்சுக்காரர்களும் உளவாளிகள் என்று கைதானார்கள். 2002 ஏப்ரலில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை ஆனார்கள். 2010இல் டில்லி விமான நிலையத்துக்கு அருகே விடுதி அறையிலிருந்து விமானங்களைக் கவனித்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் பிடிபட்டு, இரண்டு மாத அலைச்சலுக்குப் பிறகு ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம் கட்டி ஊர் திரும்பினார்கள். இந்த இரண்டும் ஒன்றல்ல. டில்லியில் சிக்கலை உண்டாக்கியது விமானிகளின் உரையாடலைக் கேட்கும் ரேடியோ கருவி. கலமாட்டாவில் சிக்கல், இராணுவத் தளத்துக்குள் எதைக் குறித்துக்கொள்ளலாம் எதைக் கூடாது என்ற தெளிவின்மை. பொதுச்சாலையில் நின்று பயணிகள் விமானத்தைப் படம்பிடித்ததால் ஒரு நாட்டின் பாதுகாப்பு குலைந்தது என்பதற்கு இவற்றில் சான்று எதுவும் இல்லை.

சான்று கிடைக்காததற்குக் காரணம் எளிமையானது. பாயான் லெப்பாஸ் முனையத்தின் கண்ணாடி வழியாகவும் விமானத்தின் ஜன்னல் வழியாகவும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பயணிகள் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் ஓடுபாதையின் கோடுகள்வரை தெரிகின்றன. தீய எண்ணம் கொண்டவனுக்குப் பெரிய லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லார் கண்ணிலும் படும்படி வேலியோரம் நிற்க வேண்டிய தேவை இல்லை. மாறாக, வாரந்தோறும் அதே இடத்தில் நிற்பவர்களுக்குத்தான் அங்கே வழக்கத்துக்கு மாறானது எது என்று முதலில் தெரியும். சிக்காகோவின் ஓஹேர் விமான நிலையம் இதனால்தான் ஆர்வலர்களைப் பதிவு செய்து, அடையாள அட்டை தந்து, கண்காணிப்புக்குத் துணையாக வைத்துக்கொண்டது.

பட்டர்வொர்த்துக்கு இந்த வாதத்தை நீட்டக் கூடாது. ஹார்னெட், ஹாக் போர் விமானங்கள் புறப்படும் நேரம், எண்ணிக்கை, இறக்கையின் கீழ் தொங்குவது எல்லாம் ஒரு படையின் தயார்நிலையைச் சொல்பவை. அங்கே தடை நியாயமானது, ஆர்வலர்கள் அதை மனமார ஏற்க வேண்டும். படை விமானத்தைப் படம்பிடிக்க விரும்புகிறவருக்கு லங்காவி இருக்கிறது. 1991இல் தொடங்கி இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் லீமா கண்காட்சியில் அரசே அவற்றைக் காட்சிக்கு நிறுத்துகிறது. 2015 மார்ச்சில் அங்கே ஒத்திகையின்போது இந்தோனேசிய சாகசக் குழுவின் இரண்டு விமானங்கள் மோதி விழுந்ததைச் சாலையில் போனவர்கள் எடுத்த காணொளிதான் உலகுக்குக் காட்டியது, விமானிகள் தப்பித்தார்கள். அலோர் ஸ்டார்தான் இடைப்பட்ட இடம். அங்கே பயணிகள் விமானம் வந்து இறங்கும் அதே ஓடுபாதையைப் பயிற்சி விமானங்களும் பயன்படுத்துகின்றன. எந்தத் திசையில் கேமராவைத் திருப்பலாம் என்பதை ஆர்வலரின் ஊகத்துக்கு விட்டுவிடக் கூடாது. நிலையம் பலகை வைத்துச் சொல்ல வேண்டும். விதி தெளிவாக இருந்தால் காவலருக்கும் வேலை குறையும்.

சாலையோரத்தில் வண்டிகளை நிறுத்தி வழியை அடைப்பது, குப்பை போடுவது, டிரோன் பறக்கவிடுவது பற்றிய புகார்களும் உண்மைதான். இவற்றில் டிரோனுக்கு மன்னிப்பே கிடையாது. 2018 டிசம்பரில் டிரோன் தெரிந்ததாக வந்த தகவல்களால் லண்டனின் கேட்விக் விமான நிலையம் முடங்கி, ஏறக்குறைய 1,40,000 பயணிகள் தவித்தார்கள். செயின்ட் மார்ட்டின் தீவில் ஓடுபாதையை ஒட்டிய மாஹோ கடற்கரையில் 2017இல் ஜெட் எஞ்சினின் காற்று வீசியெறிந்து ஒரு பெண் இறந்ததும் மறக்கத்தக்கது அல்ல. ஆனால் இந்தக் குறைகளுக்குத் தீர்வு விரட்டுவதல்ல, இடம் ஒதுக்குவது. ஜப்பானின் நரித்தா ஓடுபாதையின் அருகே சகுரா நோ யாமா என்ற மேட்டுப் பூங்கா இருக்கிறது. மான்செஸ்டரில் பழைய கான்கார்டு ஒன்றையே நிறுத்திப் பார்வையாளர் பூங்கா நடத்துகிறார்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தின் ஓரத்திலும் ‘அஞ்சோங் ஸ்பாட்டர்’ என்று பெயர் பெற்ற இடத்தில் மாலை நேரத்தில் குடும்பங்கள் திரண்டன. ஆர்வம் நம் நாட்டில் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

செலவு பற்றிப் பேசுகிறவர்கள் பெரிய லென்ஸை மட்டும் பார்க்கிறார்கள். பழைய கேமராவும் 70-300 மில்லிமீட்டர் லென்ஸும் பதிவெண் தெரிய எடுக்கப் போதும். அறிவுதான் முக்கியம், அதுவும் உள்ளூர் அறிவு. பாயான் லெப்பாஸ் ஓடுபாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடப்பதால் காலையில் அதன் கிழக்குப் புறமும் மாலையில் மேற்குப் புறமும் நிற்பவருக்கே விமானத்தின்மேல் வெளிச்சம் கிடைக்கும். நம் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுகிறது. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.20க்கு. ஆகவே பதினொன்று முதல் மூன்றரை வரை இறக்கையின் அடி இருண்டு கிடக்கும், ஓடுபாதையில் கானல் அலையும். ஆறு மணிக்குமேல்கூட நல்ல ஒளி இருக்கும். ஜெட் விமானத்துக்கு ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்கு வைக்கலாம். ஃபயர்ஃபிளையின் ஏடிஆர் போன்ற விசிறி விமானத்துக்கு அப்படி வைத்தால் விசிறி உறைந்து, விமானம் அந்தரத்தில் செத்து நிற்பதுபோல் தெரியும். இருநூறில் ஒரு நொடிக்கு இறக்கி, விமானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பப் பழக வேண்டும். புகைமூட்டம் சூழும் மாதங்களில் எதுவும் சரிவராது.

தோட்டப்புறத்திலிருந்து மேலே வரப் போராடும் பிள்ளைகளுக்கு இது வேண்டாத வேலை என்று பெற்றோர் சிலர் கருதுவார்கள். அவர்களுடைய கவலை எனக்கு விளங்குகிறது, ஆனாலும் நான் உடன்படவில்லை. ஒரு விமானம் ஏன் இந்தத் திசையில் இறங்குகிறது என்று கேட்கும் பிள்ளை காற்றையும் வரைபடத்தையும் இயற்பியலையும் தானாகப் படிக்கும். விமானப் பராமரிப்புத் துறைக்குப் போக விரும்புகிறவருக்கு டெங்கிலில் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அந்தத் துறையின் வாசலை நம் பிள்ளைகளில் பலர் பார்த்ததே இல்லை என்பதுதான் தடை. வேலியோரம் நிற்பது அந்த வாசலைக் காட்டும் மலிவான வழி.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. பாயான் லெப்பாஸ் முனையத்தின் கொள்ளளவை ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளிலிருந்து ஒரு கோடியே 20 லட்சமாக உயர்த்தும் விரிவாக்கம் நடக்கிறது. நமக்குப் பழகிய முகப்பு மாறிவிடும். கெடா அரசு கூலிம் விமான நிலையத் திட்டத்தைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறது. அது நிறைவேறுமா இல்லையா என்பது வேறு விவாதம். ஆனால், ரப்பரும் செம்பனையும் நின்ற செப்பாங் மண்ணில் 1998இல் கோலாலம்பூரின் புதிய விமான நிலையம் திறந்தபோது, அதற்குமுன் அங்கே வாழ்ந்த தோட்டங்களின் படங்கள் எத்தனை பேரிடம் இருந்தன என்று கேட்டுப் பார்க்கலாம். கூலிம், பண்டார் பாரு வட்டாரத்தில் உள்ளவர்கள் விமானம் வரும்வரை காத்திராமல், அது வரக்கூடிய நிலத்தையே இன்று படம்பிடிக்கத் தொடங்க வேண்டும். பினாங்கு விமான நிலைய விரிவாக்கத்தைத் திட்டமிடுகிறவர்கள் வேலிக்கு வெளியே, பொதுமக்கள் சட்டப்படி நின்று பார்க்க ஒரு மேடையும் நிழலும் நான்கு மொழிப் பலகையும் ஒதுக்க வேண்டும்; இது பெரிய செலவு அல்ல. வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உறவினரை வழியனுப்ப பாயான் லெப்பாஸுக்கோ சுபாங்குக்கோ போனபோது எடுத்த பழைய படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவற்றில் இருப்பவர்களின் பெயரையும் ஆண்டையும், பின்னால் விமானம் தெரிந்தால் அதன் எண்ணையும், நினைவுள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் படத்தின் பின்புறத்தில் எழுதி வையுங்கள்.